மறுநடவு செய்த ஆற்றோரக் காட்டில் மண்ணைக் கிளறினால் அடிக்காடு வருமா?

கரைமண்

எங்கள் குழுவிடம் ஓர் ஆற்றோரப் பட்டை வந்து சேர்ந்திருக்கிறது. முன்பு உழுத நிலம். பிறகு யாரோ வரிசை பிடித்துக் கன்று நட்டிருக்கிறார்கள், இப்போது பத்துப் பன்னிரண்டு வயது மரங்கள். மேலே நிழல் கூடிவிட்டது. கீழே பார்த்தால்தான் கவலை: சருகு, அங்கங்கே புல், வெளிச்சம் விழுகிற ஓரங்களில் வயலில் வரும் களைச்செடி, அவ்வளவுதான். அதே ஆற்றில் கொஞ்சம் மேலே போனால் வெட்டுப்படாத பழைய காடு. அங்கே கொடி, பெரணி, கோரை, முழங்கால் உயர மரக்கன்று என்று அடுக்கடுக்காக இருக்கிறது.

குழுவில் ஒரு யோசனை ஓடுகிறது. "மண்ணுக்குள் விதை உறங்கிக்கொண்டுதான் இருக்கும். சருகை வாரிவிட்டு மேல்மண்ணை லேசாகக் கிளறினால் அடிக்காடு தானாக எழும், மறுபடி நாற்றுக்குச் செலவு வேண்டாம்" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மண் விதை வங்கியில், அதாவது மண்ணுக்குள் முளைக்காமல் உயிரோடு கிடக்கும் விதைகளில், வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். நட்ட காட்டின் மண்ணில் என்ன விதை இருக்கும்? பழைய காட்டு மண்ணிலிருந்து அது எவ்வளவு வேறுபடும்?

வேலியோரம்

கிளறாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நாணல்காடு

அதெப்படி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்? மண்ணுக்குள் இருப்பதை நாம் எப்போதுமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். டார்வின் ஒரு சிறு குளத்தின் ஓரத்தில் மூன்று இடங்களிலிருந்து மூன்று கரண்டி சேறு எடுத்தார். காய்ந்தபின் அதன் எடை 200 கிராம்கூட இல்லை. ஆறு மாதம் மூடி வைத்து, முளைக்க முளைக்கப் பிடுங்கி எண்ணினார். 537 செடி!

அமெரிக்காவில் வில்லியம் பீல் 1879-இல் இருபது புட்டிகளில் விதையை மணலோடு கலந்து புதைத்தார். 2021-இல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். 142 ஆண்டு கழித்தும் அதில் முளைத்தது. உங்கள் மண் உழவுக்குப் போய் எத்தனை ஆண்டு இருக்கும்? நாற்பது, ஐம்பது? அதெல்லாம் விதைக்கு ஒரு வயதா?

சல்லடை

பீல் புட்டியை எல்லோரும் சொல்கிறோம், அதில் முளைத்தது என்ன என்பதை விட்டுவிடுகிறோம். 2021-இல் முளைத்தது வெர்பாஸ்கம். திறந்தவெளியில், கலைந்த மண்ணில் வரும் செடி, மிகப் பொடி விதை. புதைத்த இருபதுக்கு மேற்பட்ட இனங்களில் மற்றவற்றில் பெரும்பாலானவை அதற்கு வெகு முன்பே செத்துவிட்டன. பீல் கேட்ட கேள்வியே களைவிதை எத்தனை காலம் தாங்கும் என்பதுதான். டார்வினின் சேறும் நீர் விளிம்பில் எடுத்தது. சதுப்புச் செடிகள் விதையைக் குவித்து வைக்கிற இடம் அது.

ஆற்றோர மரங்களின் கதை வேறு. வில்லோ, பாப்லர் விதைகள் பஞ்சோடு பறந்து வந்து விழுந்தால் சில வாரம்தான் உயிர். அதற்குள் ஈரமான, வெறுமையான வண்டல் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் போச்சு. டாமரிஸ்க் என்ற புதர்மரமும் அப்படித்தான். வெப்பமண்டல ஆற்றோரங்களில் நாவல், இங்கா போன்றவற்றின் விதை ஈரத்தோடு விழும், காய்ந்தால் இறந்துவிடும். அவை உடனே முளைத்துக் கன்றாகக் காத்திருக்கும், விதையாகக் காத்திருக்காது. ஆஸ்திரேலியாவின் ரிவர் ரெட் கம் யூகலிப்டஸ் விதையை மண்ணில் வைப்பதே இல்லை, கிளையில் காய்க்குள் வைத்திருந்து உதிர்க்கும். கீழே விழுந்ததில் பெரும்பங்கு எறும்புக்குப் போகும்.

ஆகவே பழைய காட்டு மண்ணையே அள்ளி முளைக்க வைக்கும் தட்டில் பரப்பினாலும் பழைய காடு வராது. கோரை, ஜங்கஸ் (ஈரநிலத்தில் வரும் கோரை போன்ற செடி), புல், பொடி விதைச் சிறுசெடிகள்தான் வரும். செடிப் பரப்புக்கும் கீழே உள்ள விதைக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2007 கட்டுரை ஒன்று உண்டு. புல்வெளியில் 54 சதவீதம், சதுப்பில் 47, காட்டில் 31 என்று வந்தது. காடு கடைசி.

கரைமண்

அப்படியானால் பழைய காட்டு மண்ணுக்கும் நட்ட காட்டு மண்ணுக்கும் வித்தியாசமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? இரண்டிலும் மர விதை இல்லை, கதை முடிந்தது?

சல்லடை

மர விதையை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் மற்றதில் நிறைய வித்தியாசம் உண்டு.

முதலில் உழவு. ஏர் இறங்கிய மண்ணில் மேல் இருபது சென்டிமீட்டர் வரை எல்லாம் கலந்துவிடும். வயல்களைகளில் பல நீண்ட நாள் தாங்கும் விதை போடுபவை. சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் இருப்பது சாதாரணம், பல்லாயிரமும் உண்டு. நீங்கள் மேலே மரம் நட்டதால் அந்த விதைகள் எங்கும் போய்விடுவதில்லை. ஆக, உங்கள் மண்ணில் எண்ணிக்கை பழைய காட்டைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். அதைப் பார்த்து "அடேயப்பா, வளமான விதை வங்கி" என்று அறிக்கை எழுதுகிறவர்களும் உண்டு. எண்ணிக்கையை விடுங்கள், பெயர்ப்பட்டியலைப் பாருங்கள்.

பழைய காட்டின் நிழல்தாவரங்கள் அந்தப் பட்டியலில் இருக்காது. காட்டுத் தரைச் செடிகளில் பெரும்பாலானவற்றின் விதை ஓராண்டு தாண்டாது. எறும்பு தூக்கிக்கொண்டு போகும் இனங்கள் மிக மெதுவாக நகரும். ஐரோப்பியக் காடுகளில் பழைய காட்டை ஒட்டி நட்ட புதுக் காட்டுக்குள் அவை நுழையும் வேகத்தை அளந்திருக்கிறார்கள். பல இனங்கள் ஆண்டுக்கு ஒரு மீட்டர்கூட நகர்வதில்லை. உழவு வந்தபோது இவை மண்ணிலிருந்தே போய்விட்டன, நடவு இவற்றைத் திரும்பக் கொண்டுவரவில்லை. உறங்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

அமெரிக்காவின் தெற்கில் பால்ட் சைப்ரஸ் சதுப்புக் காடுகளை வயலாக்கி, பிறகு கைவிட்ட இடங்களிலும் இதையே கண்டார்கள். சிறுசெடி, கோரை விதை பல பத்தாண்டு உழவுக்குப் பிறகும் மண்ணில் கிடந்தது, சைப்ரஸ் விதை கிடைப்பது அரிது.

இன்னொன்று இருக்கிறது, ஆற்றோரத்துக்கே உரியது. அதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் பட்டையில் வெள்ளம் ஏறுகிறதா?

கரைமண்

பாதியில். ஆற்றை ஒட்டிய தாழ்ந்த திட்டு பெரும்பாலும் ஆண்டுதோறும் முங்கும். அதற்கு மேலே ஒரு மேடு இருக்கிறது, நடுவில் பழைய கரைச்சுவர். மேட்டில் தண்ணீர் ஏறி வெகுகாலம் ஆயிற்று.

சல்லடை

அப்படியானால் உங்களிடம் இருப்பது இரண்டு இடங்கள். ஒன்றாகச் சேர்த்துப் பேசக் கூடாது.

தாழ்திட்டில் விதை போடுவது மரங்கள் இல்லை, ஆறு. வெள்ளம் வடியும்போது சுள்ளி, சருகு, வண்டல் எல்லாம் ஒரு கோடாக ஒதுங்குமே, அந்த ஒதுக்குக் கோட்டைக் கையில் அள்ளிப் பாருங்கள். விதை நெருக்கமாக இருக்கும். மேலே உள்ள பழைய காட்டின் விதையும் அதில் வரும், மேலே உள்ள வயலின் களையும் வரும். இப்படிப்பட்ட இடத்தில் நட்ட காட்டின் மண்ணும் இயற்கைக் காட்டின் மண்ணும் வேகமாக ஒன்றுபோல ஆகிவிடும், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே ஆறுதான் கொடுக்கிறது. மேட்டில் அது நடக்காது. அங்கே இருப்பது உழவு விட்டுப்போன கணக்கு மட்டும். நீங்கள் எதையும் கொண்டுவராமல் அது மாறாது.

நாணல்காடு

சரி, மேட்டை விட்டுத்தருகிறேன். தாழ்திட்டில் கிளறலாம்தானே?

வேலியோரம்

நான் ஒரே வார்த்தையில் முடித்ததற்குக் காரணம் சொல்கிறேன். பொடி விதைகளில் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். அதிலும் இலைகளின் வழியாக வடிந்துவரும் வெளிச்சம் ஆகாது. அதில் சிவப்பு குறைந்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைசிவப்பு மிஞ்சியிருக்கும், விதைக்குள் வெளிச்சத்தை உணரும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி அதை "மேலே ஆள் இருக்கிறது, இரு" என்று படித்துக்கொள்ளும். இரவு பகல் வெப்ப ஏற்ற இறக்கமும் ஒரு சைகை. நிழலும் சருகும் சேர்ந்து இரண்டையும் மறைக்கின்றன. உங்கள் மரங்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டாகச் செய்திருக்கும் பெரிய வேலையே அதுதான்: வயல்களையை உள்ளேயே பூட்டி வைத்திருக்கின்றன. நீங்கள் சருகை வாரி, மண்ணைக் கிளறி, பூட்டைத் திறக்கப் பார்க்கிறீர்கள். வருவது நீங்கள் கூப்பிட்ட விருந்தாளி இல்லை.

நான் பார்த்த ஒரு பட்டையில் இதைச் செய்தார்கள். முதல் பருவத்தில் பச்சைப் பசேல் என்று இருந்தது, படமெல்லாம் எடுத்தார்கள். அடுத்த பருவத்தில் அந்தப் பச்சைக்குள் ஏற்கெனவே நட்ட சிறு கன்றுகளைத் தேட வேண்டியிருந்தது.

அயல் மரம் இருந்த இடமென்றால் இன்னும் மோசம். தென்னாப்பிரிக்க ஆற்றோரங்களில் ஆஸ்திரேலிய அக்கேசியாக்கள் ஏறி உட்கார்ந்த கதை தெரியும்தானே? 1995-இல் தொடங்கிய 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்' திட்டத்தில் வெட்டி வெட்டி எடுக்கிறார்கள். மரத்தை ஒரு நாளில் வெட்டலாம், கெட்டித் தோல் விதை பல பத்தாண்டு மண்ணில் கிடக்கும். வெட்டிய குப்பையை அங்கேயே எரித்தால் அந்தச் சூட்டில் தோல் வெடித்து மொத்தமும் முளைக்கும். சீமைக் கருவேலமும் கெட்டித் தோல்தான், கால்நடை தின்று போட்டாலும் தண்ணீர் அடித்துப்போனாலும் சாகாது.

அரைவயல்

நான் புதியவன். இத்தனையும் பேசுகிறோம், கரைமண் அவர்களின் மண்ணில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே முடியாதா? ஆய்வகம் வேண்டுமா?

தட்டுநாற்று

ஆய்வகம் வேண்டாம், பொறுமை வேண்டும். இதுதான் என் வேலை, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்று போதும். சருகைத் தனியாக எடுத்து வையுங்கள், அதிலும் விதை உண்டு. 0–5, 5–10 சென்டிமீட்டர் என்று இரண்டு ஆழமாகப் பிரித்து எடுங்கள். நாலு இடத்தில் பெரிய பள்ளம் தோண்டுவதைவிட ஐம்பது இடத்தில் சின்னக் குழாய் இறக்குவது நல்லது, ஏனென்றால் விதை திட்டுத் திட்டாகக் கிடக்கும். ஐம்பது குழாய் மண்ணும் சேர்ந்தால் பரப்பு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதாவது தட்டில் ஒரு முளை கண்டால் நிலத்தில் சதுர மீட்டருக்குப் பத்து விதை என்று கணக்கு. ஒரே ஒரு முளையை வைத்துக்கொண்டு கதை எழுதக் கூடாது என்பதும் இதிலிருந்தே தெரியும்.

பிறகு மண்ணைத் தண்ணீரில் அலசி, கல்லும் வேரும் நிற்கிற மாதிரி ஒரு பெரிய கண் சல்லடை, களிமண் போகிற மாதிரி 0.2 மில்லிமீட்டர் சல்லடை என்று இரண்டில் வடிக்க வேண்டும். மிஞ்சுவதை, சூடுபடுத்திய மணல் கலவை மேல் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்புங்கள். கனமாகப் போட்டால் அடியில் இருப்பதற்கு வெளிச்சம் போகாது, முளைக்காததை "இல்லை" என்று எழுதிவிடுவோம். பக்கத்திலேயே காட்டு மண் போடாத வெறும் தட்டுகள் சில வையுங்கள். காற்றில் வந்து விழுவது என்ன என்று அவை சொல்லும். வெறும் தட்டில் வருகிற இனத்தை மற்றத் தட்டிலும் நம்பாதீர்கள்.

ஆற்றோர மண்ணுக்கு ஒரு கூடுதல் வேலை: தட்டுகளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை ஈரமாகவும் மறுபாதியை ஓரிரு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கவும் வையுங்கள். ஒரே மண்ணிலிருந்து இரண்டு வேறு பட்டியல் வரும். ஈரத்தில் மட்டும் வைத்துவிட்டு நீர்த்தாவரமே இல்லை என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன், எரிச்சலாக வரும்.

முதலில் வருவது பெரும்பாலும் ஜங்கஸ். பூனை மயிர் போல மெல்லிய பச்சை இழை, நுனியில் விதைத்தோல் கறுப்புப் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். கோரைகளை இலைப்பருவத்தில் இனம் பிரிக்க முயலாதீர்கள், ஒன்றிரண்டைத் தனிச் சட்டியில் மாற்றிப் பூக்கும்வரை வளருங்கள். மேலே பாசியும், பாசி போன்ற லிவர்வொர்ட்டும் படர்ந்து தோலாக மூடும், அதை நீக்கி மண்ணை லேசாகக் கலைத்து விட்டால் இரண்டாவது அலை ஒன்று வரும். அடையாளம் தெரிந்ததைப் பிடுங்கிவிட வேண்டும், விட்டால் பூத்துத் தட்டிலேயே விதை போடும்.

நாணல்காடு

நீங்களே சொல்கிறீர்கள், முளைக்காததை "இல்லை" என்று எழுதிவிடுவோம் என்று. அதைத்தான் நானும் கேட்கிறேன். தட்டு முறை என்பதே தட்டின் சூழலில் முளைக்கச் சம்மதிக்கிற விதையை மட்டும் எண்ணுவது. மரவிதை, கெட்டித் தோல் விதை, குளிர் கேட்கும் விதை எல்லாம் பேசாமல் கிடக்கும். அப்புறம் "காட்டு மண்ணில் மரவிதை இல்லை" என்று முடிவு!

தட்டுநாற்று

நியாயமான கேள்வி. அதனால்தான் கடைசியில் தட்டு மண்ணை மறுபடி சல்லடையில் வடித்து, மிஞ்சிய விதைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கிறோம். இடுக்கியால் அழுத்தினால் நசுங்குவது வெறும் தோல். கெட்டியாக இருப்பதைப் பிளந்து டெட்ரசோலியம் கரைசலில் ஊறவைத்தால் உயிருள்ள திசு சிவக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமை. பெரிய விதை தப்பிப்போக வாய்ப்பு குறைவு, சல்லடையிலேயே கண்ணுக்குத் தெரியும். உண்மையில் கண்ணால் எடுக்கும் முறைதான் பொடி விதையைக் கோட்டைவிடும்.

சல்லடை

நாணல்காடு சொல்வதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. "பெரிய விதை தாங்காது, பொடி விதை தாங்கும்" என்பதை நான் விதி மாதிரி எழுதிவிட்டுப் போய்விடக் கூடாது. 1993-இல் பிரிட்டிஷ் தாவரங்களை வைத்து, 3 மில்லிகிராமுக்குக் கீழே, உருண்டையாக இருப்பவை மண்ணில் நிலைக்கும் என்று காட்டினார்கள். 1998-இல் ஆஸ்திரேலியத் தாவரங்களில் பார்த்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை. அங்கே கெட்டித் தோலுள்ள பெரிய விதைகளும் நிலைக்கின்றன. அக்கேசியாவே சாட்சி. ஆகவே வேறொரு நாட்டுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளாமல் உங்கள் இனங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஆழம் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண நிலத்தில் கீழே இருக்கிற விதை மூத்தது என்று எடுத்துக்கொள்வோம். வெள்ளம் ஏறும் திட்டில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே வெள்ளம் ஒரு சாண் வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும், அதற்குள் மேலிருந்து கீழ்வரை ஒரே ஆண்டு விதை. கீழே ஒரு இனம் கிடைத்ததால் அது நிலைக்கும் விதை என்று தாழ்திட்டில் யாராவது எழுதினால் நான் நம்ப மாட்டேன்.

அரைவயல்

மேலே அணை இருந்தால்?

சல்லடை

பெரிய நீர்த்தேக்கம் வண்டலைப் பிடித்து வைக்கும், மிதந்து வரும் விதையையும் பிடித்து வைக்கும். அணைக்குக் கீழே உள்ள திட்டுக்கு வருவது துணையாறுகளும் பக்கத்துக் கரைகளும் கொடுப்பது மட்டும். அதைவிடக் கெடுதல், வெள்ளம் வருகிற காலமும் வடிகிற வேகமும் மாறிப்போவது. பாப்லர், வில்லோ முளைகளின் வேர் தாழ்ந்துபோகும் நீர்மட்டத்தைத் துரத்திக்கொண்டு இறங்க வேண்டும். நாளைக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் மட்டம் இறங்கினால் காய்ந்துவிடும் என்று 1998-இல் கணித்தார்கள். சில ஆறுகளில் இதை வைத்தே மதகைப் படிப்படியாக மூடுகிறார்கள். இந்த இனங்களுக்கு மண்ணில் சேமிப்பு இல்லாததால் ஒவ்வோராண்டும் புதிதாகத்தான் பரீட்சை.

வேலியோரம்

மேலே அணை இல்லாவிட்டாலும் மேலே என்ன வளர்கிறது என்று நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஐரோப்பிய ஆற்றோரங்களில் ஹிமாலயன் பால்சம் என்ற அயல் செடி பெரிய தொல்லை. அதன் விதை மண்ணில் இரண்டு ஆண்டு போலத்தான் இருக்கும், காய்க்கும் முன் பிடுங்கினால் சீக்கிரம் ஒழியும். ஆனால் கீழ்க்கரையில் பிடுங்கிக்கொண்டே இருப்பவர்கள் ஒழித்ததில்லை, மேல்முனையிலிருந்து தொடங்கியவர்களுக்குத்தான் பலன். உங்கள் தாழ்திட்டின் விதை வங்கி உங்கள் வேலிக்குள் இல்லை.

கரைமண்

குழுவில் இதையெல்லாம் வைத்துப் பேசினோம். கொஞ்சம் சண்டையும் நடந்தது. இப்போதைக்கு இப்படி நிற்கிறது: மேட்டில் சருகைத் தொடப்போவதில்லை. பழைய காட்டின் நிழல்செடிகளை விதையாகவும் வெட்டுத்துண்டாகவும் சேகரித்து நாற்றாக்கி, நிழல் கூடிய இடங்களில் கொத்துக் கொத்தாக வைக்கப்போகிறோம், ஏனென்றால் அவை தாமாக நடந்து வரப்போவதில்லை. தாழ்திட்டில் வெள்ளம் கொட்டிய வண்டலை அப்படியே விடுவோம். ஒதுக்குக் கோட்டுக் குப்பையை இதுவரை "சுத்தம்" என்று வாரிக்கொண்டிருந்தார்கள், அதை நிறுத்தியாயிற்று.

பழைய காட்டு மேல்மண்ணைக் கொஞ்சம் அள்ளி வந்து மேட்டில் தூவலாமா என்று ஒருவர் கேட்கிறார். அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சல்லடை

ஒப்ப வேண்டாம். நல்ல காட்டில் குழி பறித்து, கோரை விதையை மேட்டுக்குக் கொண்டுவருவீர்கள். மேட்டில் கோரைக்கு ஈரமும் இருக்காது. ஏதாவது வேலைக்காக அந்தக் காட்டு மண்ணை எப்படியும் வெட்டப்போகிறார்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம், அப்போதும் குவித்து வைக்காமல் உடனே பரப்ப வேண்டும்.

நாணல்காடு

தாழ்திட்டில் ஒரு சின்ன இடத்தில், ஒரு பாய் அகலம், கிளறிப் பார்க்க என் பேரில் அனுமதி கேட்கிறேன். பக்கத்தில் கிளறாத ஒரு பாய் அகலம். ஒப்பிடுவோம்.

வேலியோரம்

அதற்கு நானே வந்து கம்பு நடுகிறேன். காய்க்கும் முன் பிடுங்க ஆள் இருந்தால் சரி.

கரைமண்

குழாய் மண் எடுக்க எந்தப் பருவம் நல்லது, தட்டுநாற்று?

தட்டுநாற்று

எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஓராண்டுக்கு மேல் நிலைக்கும் விதை வேண்டுமென்றால், பருவ முளைப்பு முடிந்தபின், புது விதை உதிரத் தொடங்கும் முன் எடுங்கள். அந்த நேரத்தில் மண்ணில் மிஞ்சியிருப்பது போன ஆண்டும் அதற்கு முன்பும் விழுந்து முளைக்காமல் தங்கியது. மேட்டுக்கு இது போதும். தாழ்திட்டில் வெள்ளம் வடிந்த உடனே இன்னொரு முறையும் எடுங்கள், ஆறு கொண்டுவந்தது அதில் தெரியும். இரண்டு பைக்கும் தனித்தனியாகச் சீட்டு கட்டுங்கள். சீட்டைப் பைக்குள்ளேயும் ஒன்று போடுங்கள், ஈரத்தில் வெளிச்சீட்டு அழிந்துவிடும். எழுதுவது பென்சிலாக இருக்கட்டும்.